மூன்று மணிக்கும் மூன்றரைக்கும்

புளியரை எடைமேடையில் எனக்குப் பகல் ஷிப்ட்.
எம்-சாண்ட், ஜல்லி, வைக்கோல்,
ஓணம் நெருங்கினால் வாழைத்தார்.
லாரி ஏறி நிற்கும்.
சிவப்பு எண் கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு
ஒரு முடிவுக்கு வரும்.
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
கோட்டைவாசல் வளைவுகளில் முனகிக்கொண்டு போகிற வண்டி
மறுநாள் காலியாகக் குலுங்கித் திரும்பும்.
ஏறும்போது சுமை, இறங்கும்போது காற்று.
என் பங்கு மட்டும்
சுமையோடு இறங்குகிறது,
பதினாலு மாதமாக.

குழாய் செய்கிற கம்பெனி.
வீட்டுக்கு வீடு தண்ணீர் வந்தால் குழாய் வேண்டாமா என்று
வீடியோவில் ஒருவன் கேட்டான்.
நியாயமாகத்தான் இருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டில் நூறு வாங்கினேன்.
நூற்று அறுபத்தெட்டில் இன்னொரு நூறு.
தொண்ணூற்றைந்துக்கு வந்தபோது
இதற்குக் கீழே தரைதானே என்று இருநூறு.
தரைக்குக் கீழே ஒரு நிலவறை இருந்தது.
அதற்கும் கீழே
குழாய் போட்டிருந்தார்கள்.

ஆவுடையிடம் சொல்லவில்லை.
பைக் எங்கே என்று மட்டும் ஒருநாள் கேட்டாள்.
கிளட்ச் சரியில்லை என்றேன்.
ஏழு வாரமாகச் சரியில்லை.

ஆரியங்காவில் லாட்டரி விற்கிற சுகதன்
வியாழக்கிழமைகளில் பரோட்டா தின்ன இறங்கி வருவான்.
எல்லை தாண்டினால் பையின் ஜிப்பைத் திறக்கமாட்டான்,
அந்தச் சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை.
"அண்ணாச்சி, நிங்க எடுக்கறதும் டிக்கெட் தானே?"
"இது படிப்புவே" என்றேன்.
"சார்ட் இருக்கு. காலாண்டுக் கணக்கு இருக்கு."
சால்னாவில் விரலை முக்கினான்.
"நம்ம ஆளுகளுக்கு மூணு மணிக்குத் தெரிஞ்சுபோகும்.
நாலு மணிக்குச் சாயா குடிச்சிட்டுப் போவாங்க.
உங்களுக்கு எப்ப குலுக்கல்?"
மூன்றரைக்கு என்று சொல்லியிருக்கலாம்.
எந்த நாளின் மூன்றரை என்று
தெரிந்திருந்தால்.

அறுபத்தொன்றில் அது நின்றது.
ஒருநாள் அல்ல, நான்கு நாள்.
விழவில்லை. அங்கேயே கிடந்து நடுங்கியது.
நடுங்குகிற எண் அடுத்து என்ன செய்யும் என்று
எடைமேடைக்காரனுக்கா தெரியாது?

டிராயரில் பதினெட்டாயிரத்து முந்நூறு இருந்தது.
மேடைக்கு வருஷ முத்திரை வாங்க
சேக் உதுமான் முதலாளி வைத்துவிட்டுப் போனது.
ஆய்வாளர் வர இன்னும் பன்னிரண்டு நாள்.
செங்கோட்டை மெஷினில் நோட்டைப் போட்டேன்.
ஒரு ஐநூறை மட்டும் துப்பியது.
சட்டையில் துடைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டது.
இன்று காலை ஒன்பதே காலுக்கு
முந்நூறு பங்கு.
என் சராசரி நூற்று நாற்பத்திரண்டரையிலிருந்து
நூற்றியேழரைக்கு இறங்கியது.
விலை இம்மிகூட அசையவில்லை.
ஆனாலும் இருட்டில் பஸ்ஸில் வரும்போது
ஊர் விளக்கு தெரிந்த மாதிரி இருந்தது.

பத்து மணிக்கு அறுபத்திரண்டு.
பதினொன்றரைக்கு அறுபத்துநாலு.
கேன்டீன் பையனுக்கு வடை வாங்கிக் கொடுத்தேன்.
எதற்கு என்று கேட்டான். சும்மா தின்னுடே என்றேன்.
பிறகு மலை கறுத்தது.
மழை இறங்கியது.
டவர் போனது.

மூன்று மணி.
மலைக்கு அந்தப் பக்கம் எத்தனையோ பேர்
சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு
இன்றைக்கு விடுதலையாகியிருப்பார்கள்.

மூன்றே கால்.
மூக்காண்டியின் டாரஸ் மேடையில் ஏறுகிறது.
என் போனில் வட்டம் சுற்றுகிறது.
"எவ்வளவு அண்ணாச்சி?"
"இன்னும் நிக்கல. இஞ்சினை அணைடே."
"அணைச்சாச்சு."
"அப்ப கீழ இறங்கு."
"இறங்கித்தான நிக்கேன்."
ஜன்னல் வழியே பார்க்கிறேன்.
தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.
வண்டிக்குள் யாருமில்லை.
மூடாத மணலில் மழை ஊறி ஊறி
எண் மட்டும்
இருபது இருபதாக
ஏறிக்கொண்டிருக்கிறது.